வாலில் ஒரு வீடு

அமெரிக்காவில் கொஞ்சம் வசதி வந்துவிட்டால் மனிதனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காட்டுக்குப் போய்த் தங்க ஆசை வரும். காட்டுக்குப் போனாலோ, வீட்டில் இருக்கிற கட்டில், ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாம் அங்கேயும் வேண்டும். இந்த இரண்டு ஆசைக்கும் பிறந்த பிள்ளைதான் கேம்ப்பர். சக்கரம் வைத்த குட்டி வீடு. காரின் வாலில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியது.

2019 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸில் என் மச்சினன் வீட்டுக்குப் போனபோது, வாசலில் அப்படி ஒன்று புத்தம் புதிதாக நின்றது.

'அத்தான், நாளைக்கு யோசமிட்டி போறோம். நீங்களும் அக்காவும் ரெடியாகுங்க.'

'மாப்ளே, உன் கார் இதை இழுக்குமா?' என்றேன். ஏழு பேர் உட்காரும் நடுத்தர எஸ்.யூ.வி. அது. லாரி அல்ல.

'5,000 பவுண்டு இழுக்கும்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான். கேம்ப்பர் வெறும் 3,500தான்.'

2.2 பவுண்டு ஒரு கிலோ. மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. தவிர, இன்ஜினீயரிங் படித்த மச்சினனிடம் கணக்குப் பேசி ஜெயித்த அத்தான் யாரும் சரித்திரத்தில் இல்லை.

ராத்திரி சாமான் ஏற்றினோம். அரிசி மூட்டை, குக்கர், டேபிள் டாப் கிரைண்டர் (ஆமாம், காட்டுக்கு!), கேஸ் சிலிண்டர், மடக்கு நாற்காலிகள். கேம்ப்பரின் சமையல் மேடை கடைசியில் இருந்ததால் எல்லாம் கடைசியிலேயே போயிற்று. தண்ணீர் டாங்க்கும் அங்கேதான். 40 காலன். 'வழியில தண்ணி கிடைக்காட்டி?' என்று என் மனைவி கேட்க, அதையும் ரொப்பினான். சென்னைக்காரிக்குத் தண்ணீர் பயம் எங்கே போனாலும் போகாது.

லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து வடக்கே போனால் கிரேப்வைன் என்று ஒரு மலை இறக்கம். 100 அடி போனால் 6 அடி கீழே இறங்கும். சுமார் எட்டு கிலோமீட்டருக்கு அப்படியே. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைக் கல் பாதை போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துக்கொண்டு போனால் மணிக்கு 55 மைல்தான் சட்டம். மச்சினன் முள் 62-ல்.

பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது.

முதலில் நாய் வாலாட்டுகிற மாதிரி லேசாகத்தான் ஆடியது. மச்சினன் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடிக்க, கேம்ப்பர் அந்தப் பக்கம் போயிற்று. அவன் திருப்பி ஒடிக்க, அது இன்னும் அதிகமாக இந்தப் பக்கம் வந்தது. காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது.

'அப்பா, வீடு ஆடுது' என்றாள் அவன் பெண். ஏழு வயது. யாரும் சிரிக்கவில்லை.

மச்சினன் கால் பிரேக்கைத் தேடியது. 'பிரேக் போடாதீங்க! ஆக்ஸிலேட்டரை மட்டும் விடுங்க! ஸ்டியரிங்கை நேரா பிடிங்க!' என்று கத்தினாள் அவன் மனைவி. கத்தியதோடு, டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த சின்ன நெம்புகோலை எட்டி அமுக்கினாள். கேம்ப்பரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கிற சமாசாரம் அது. வண்டியோடு வந்த புத்தகத்தை அந்த வீட்டில் படித்த ஒரே ஆத்மா அவள்தான். ஆட்டம் குறைந்து நின்றது. நான் என் மனைவியின் கையைப் பிடித்திருந்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் அத்தனை கெட்டியாகப் பிடித்தது அன்றைக்குத்தான்.

காரின் பிரேக்கை மிதித்தால் முன்னால் கார் தயங்கும், பின்னால் வீடு தள்ளும். இரண்டும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிவிடும். பின்னால் இருப்பதை மட்டும் பிடித்தால் கயிற்றை இழுத்த மாதிரி நேராகும்.

அடிவாரத்தில் லாரிகள் தங்குகிற பங்க். அங்கே எடை மேடை உண்டு. கேம்ப்பரைக் கோத்தும் கழற்றியும் நிறுத்தினோம். மொத்தம் 4,500 பவுண்டு. அதில் காரின் கொக்கியை அழுத்துவது 300தான். ஒரு கிழட்டு லாரி டிரைவர் சீட்டை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை கொக்கியில் உட்கார வேண்டுமாம். எங்களுக்கு ஏழுகூட இல்லை. பின்பக்கம் கனம். அதனால்தான் ஆட்டம்.

டாங்க்கைத் திறந்துவிட்டோம். ஒரு காலன் 8.3 பவுண்டு, 330 பவுண்டு தண்ணீர் ஓடியது. அரிசியும் கிரைண்டரும் சக்கரத்துக்கு முன்பக்கம் வந்தன. கொக்கி எடை 500. பன்னிரண்டு சதவிகிதம். பேஷ்!

'காரைப் பாத்தியா?' என்று டிரைவர் கதவைத் திறக்கச் சொன்னார். கதவிடுக்கில் ஒரு ஸ்டிக்கர்: ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 1,300 பவுண்டு. கொக்கியை அழுத்தும் 500-ம் இதில்தான் சேர்த்தி. விளம்பரத்தில் போட்ட அந்த 5,000 கிட்டத்தட்ட காலி காருக்குச் சொன்னது. மச்சினன் முகம் வெளுத்தது. அங்கேயே கூட்டல் போட்டான்.

'அத்தான், உங்க வெயிட்?'

'68 கிலோ.'

'அது நம்ம கல்யாணத்தப்போ' என்றாள் என் மனைவி.

உண்மையைச் சொன்னதும் ஐந்து பேருக்கு 700 ஆயிற்று. கொக்கி 500. மீதி 100. காரின் பின்னால் தலா 23 கிலோவில் இரண்டு சூட்கேஸ், அதுவே 101. இரண்டையும் கேம்ப்பருக்குள் சக்கரத்துக்கு நேர் மேலே வைத்தோம்.

ஆன்ஸைட் போகப்போகிற தம்பிகளே, உங்களுக்கும் ஒருநாள் இந்த ஆசை வரும். நாலு விஷயம் ஞாபகம் வையுங்கள். விளம்பரத்தை நம்பாதே, கதவிடுக்கு ஸ்டிக்கரை நம்பு. கனம் சக்கரத்துக்கு முன்னால். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டு. கொக்கி விட்டாலும் தொட்டில் மாதிரி தாங்கும். ஆடினால் காரின் பிரேக்கைத் தொடாதே.

நாங்கள் 55-லேயே ஊர்ந்தோம். எனக்குத் தாத்தா ஊர் மாட்டு வண்டி ஞாபகம் வந்தது. பின்னால் காலைத் தொங்கப்போட்டு நாலு பேர் உட்கார்ந்தால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டுக்குக் கழுத்து இறுகும். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார்: 'பின்பாரமா இருக்கு சாமி, கொஞ்சம் முன்னால வாங்க.'

அவருக்கு ஸ்டிக்கரும் கிடையாது, எடை மேடையும் கிடையாது. மாட்டின் கழுத்துதான் மீட்டர்.