எழுதுகோலைக் கைவிடாத குடியானவப் பெண்

நோர்வே என்றதும் இன்று நமது நினைவுக்கு வருவது அந்நாட்டின் எண்ணெய் வளமும், நம்மவர் பலர் அங்கு வாழ்கின்றனர் என்பதுமே. ஆனால் தன் பிள்ளைகளுக்குப் போதிய நிலம் கொடுக்க இயலாது அந்நாடு தவித்த காலமும் ஒன்றிருந்தது. மலையும் பாறையும் நிறைந்த நோர்வேயில் உழுது பயிரிடத்தக்க மண் மிகக் குறைவு. 1825ஆம் ஆண்டு ஸ்ரவாங்கர் துறைமுகத்திலிருந்து சிறு பாய்க்கப்பல் ஒன்று அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டது. அன்று தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டை விட்டு வட அமெரிக்கா சென்றனர். அவர்களுள் ஒரு பெண்ணின் நெடிய வாழ்வை இவ்வாரம் நாம் எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம்.

எலிசே வேரன்ஷோல்ட் 1815ஆம் ஆண்டு பெப்ரவரியில் தென் நோர்வேயில் ஒரு லூத்தரன் போதகரின் மகளாகப் பிறந்தார். இளவயதிலேயே ஆசிரியையானார். லில்லசாண்ட் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்தினார். 1839இல் ஸ்வென் ஃபொய்ன் என்ற கப்பல் தலைவரை மணந்தார். பிற்காலத்தில் திமிங்கில வேட்டையில் பெரும் செல்வராகிப் புகழ்பெற்றவர் அவரே. மணவாழ்வு பொருந்தவில்லை. மூன்று ஆண்டுகளில் இருவரும் பகையின்றிப் பிரிந்தனர். ஒரு பெண் தனித்து நிற்பதை ஊர் எளிதில் ஏற்காத அக்காலத்தில், 1843இல் மதுவின் கேட்டைக் கண்டித்துச் சிறு நூலொன்றை வெளியிட்டார் எலிசே. பின்னர் 'நோர்வேயும் அமெரிக்காவும்' என்ற இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார்.

பிறரைக் குடியேறத் தூண்டும் இதழை நடத்தியவர், தாம் மட்டும் கரையில் நின்றுவிடவில்லை. 1847இல் அவரும் ரெக்சாஸ் மாநிலத்துக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு, அதே பயணக் குழுவில் வந்த வில்ஹெல்ம் வேரன்ஷோல்டை மணந்தார். டலஸ் நகருக்குக் கிழக்கே, நான்கு மைல் புல்வெளி என்று பொருள்படும் பெயர்கொண்ட நோர்வேஜியக் குடியிருப்பில் இருவரும் நிலம் வாங்கிக் கால்நடை வளர்த்தனர். மூன்று ஆண்மக்கள் பிறந்தனர்.

நிலம் கிடைத்தது, வீடும் எழுந்தது. ஆயினும் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும், இறந்தவரை அடக்கம் செய்யவும், தாய்மொழியில் இறைவார்த்தை உரைக்கவும் ஒரு போதகர் இல்லை என்பது அக்குடியிருப்பின் பெருங்குறையாயிற்று. நோர்வேயிலிருந்து போதகர் ஒருவரைத் தருவிக்க எலிசே அயராது பாடுபட்டார். 1850களின் நடுப்பகுதியில் ஒருவர் வந்தார், தேவாலயமும் எழுந்தது. ஆனால் வந்தவர் சில ஆண்டுகளே தங்கினார். பின்னர் நெடுங்காலம் அப்பீடம் வெறுமையாய்க் கிடந்தது. ஆலயம் கட்டுவதினும் அதனை ஆளோடு வைத்திருப்பது கடினம் என்பதை, புலம்பெயர்ந்த மண்ணில் கோவிலும் தமிழ்ப் பள்ளியும் நடத்தும் நம்மவர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய சமயப்பற்று ஞாயிறு வழிபாட்டோடு முடிந்துவிடவில்லை. கணவருடன் சேர்ந்து அயலவரிடையே மதுவிலக்குக்காக உழைத்தார். சுற்றிலும் அடிமைமுறை வேரூன்றியிருந்த நாட்டில், அது இறைவனின் விருப்பத்துக்கு மாறானது என்று எழுதி வைத்தார். தஞ்சம் புகுந்த இடத்தில் ஊரோடு ஒத்துப் போவதே பாதுகாப்பு என்று நினைப்பது மனித இயல்பு. அவர் அவ்வாறு நினைக்கவில்லை.

1866ஆம் ஆண்டு அவர்மீது இடியென விழுந்தது. அவ்வாண்டில் கடைசி மகன் இறந்தான். நவம்பரில் கணவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் போரின் பின் கொதித்துக் கொண்டிருந்த அரசியல் பகையே அதற்குக் காரணம் என்று கருதுவோர் உளர். கொலை செய்தவன் தண்டனை பெறப் பல ஆண்டுகள் சென்றன. ஐம்பத்தோராம் வயதில், எஞ்சிய இரு மக்களுடனும் ஒரு பண்ணையுடனும் கைம்பெண்ணாக நின்ற எலிசே, தாயகம் திரும்பவில்லை. தோட்ட விதைகளும் நூல்களும் விற்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பண்ணையையும் விடாது காத்தார்.

இத்தனைக்கும் நடுவே அவர் ஒருநாளும் கைவிடாதது எழுதுகோல். ரெக்சாஸை இழித்துரைத்த பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கடிதங்கள் 1851இல் நோர்வேயில் அச்சானபோது, தாம் கண்டதைக் கொண்டு மறுத்து எழுதியவர் அவர். ஊரிலுள்ள உறவினருக்கும் நண்பருக்கும் அவர் எழுதிய மடல்களில் மாடுகளின் தொகையும், விளைச்சலும், நோயும், திருமணமும், மரணமும் ஒருங்கே இடம்பெற்றன. அம்மடல்களைப் பெற்றவர்கள் எறிந்துவிடாது காத்தமையால், 1961இல் அவை ஆங்கிலத்தில் நூலாயின. ரெக்சாஸின் தொடக்ககால நோர்வேஜியரின் வரலாற்றை எழுதப் புகுவோர் இன்றும் அவற்றையே நாடுகின்றனர்.

1895 ஜனவரி 22ஆம் நாள், எண்பது வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், ஹமில்ரன் என்ற ஊரில் எலிசே கண்மூடினார். விட்டுவந்த நாட்டை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

பெரும் தலைவர்களின் பெயர்கள் எப்படியும் ஏட்டில் ஏறிவிடும். ஒரு சமூகம் அயல்மண்ணில் எவ்வாறு உண்டது, எவ்வாறு வணங்கியது, எதற்கு அஞ்சியது, எதற்கு அஞ்சாது நின்றது என்பதைச் சொல்ல வல்லவர்கள் வீட்டிலிருக்கும் முதியவர்களே. நமது அன்னையரும் பாட்டியரும் எழுதிய நீலநிற விமானத்தபால்கள் எத்தனை வீடுகளில் இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றன? எத்தனை, வீடு மாறும்போது குப்பையோடு போயின? எழுதத் தெரியாத மூதாட்டியர் நம்மிடையே இருப்பின், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளப் பேரப்பிள்ளைகளுக்குக் கை இருக்கின்றது. அதற்குத் தமிழ் எழுத்தும் இருக்க வேண்டும். அதைக் கொடுப்பது நமது கடன்.

அப்பெட்டிகளை வாசகர்கள் இவ்வாரமே ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.