பழியை இயற்கை மேல் போடாதீர்கள்



நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. "ஆன்டிபயாடிக் மருந்தை எதிர்க்கும் சக்தி பாக்டீரியாவுக்கு இயற்கையிலேயே உண்டு, கம்பெனிகளைக் குறை சொல்லிப் பயனில்லை" என்று. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி சுத்தப் புளுகு.

உண்மையை நானே சொல்கிறேன். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து. பிறரைக் கொல்ல விஷம் சுரக்கும் உயிர், அந்த விஷத்தில் தானே சாகாமலிருக்க ஒரு காப்பும் வைத்திருக்கும் அல்லவா? அந்தக் காப்பு மரபணுக்கள் மனிதனின் மருந்துகளைவிட மிகப் பழையவை. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுப் பழமையான உறைமண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததாக 2011-இல் ஆய்வு வெளிவந்தது.

சரி, மண்ணில் கிடந்தது நோயாளியின் உடம்புக்குள் எப்படி வந்தது? அங்கேதான் விஷயம். குரோமோசோமில் ஒரு மூலையில் இருந்த மரபணு, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறிக்கொள்கிறது. அந்த வளையத்தை ஒரு பாக்டீரியா வேறு இனத்துக்கும் கொடுத்துவிடும். செஃபோடாக்சிம் ஊசியை முறிக்கும் சி.டி.எக்ஸ்-எம் மரபணு, க்ளூவேரா என்ற சாதுவான பாக்டீரியாவில் இருந்தது. இன்று உலகமெங்கும் ஈ.கோலையில்! சிப்ரோஃப்ளாக்சசின் மனிதன் ஆய்வகத்தில் செய்த மருந்து. அதையும் ஓரளவு தாங்க வைக்கும் ஒரு மரபணு, ஷெவனெல்லா என்ற நீர்வாழ் பாக்டீரியாவிலிருந்து வந்திருக்கிறது.

இப்படித் தாவுவது அபூர்வம். தாவினாலும், சுற்றிலும் மருந்து இல்லாவிட்டால் அதனால் பெரிய லாபமில்லை. மருந்து கலந்த நீரில் மற்றவை சாக, அது மட்டும் பெருகும்.

ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் இருந்தது. "சுத்தமாகி" வெளியேறிய அந்த நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோ இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007-இல் எழுதினார்கள். மாத்திரை சாப்பிட்டவர் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. இதுவா இயற்கை?

2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியில், ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு இருந்தது. 2021-இல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்பைக் காணோம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் ஏழை நோயாளியை மட்டும் எல்லாரும் திட்டுகிறோம். அவர் செய்வது தப்புதான். அதற்காக ஆலைக்காரர் யோக்கியர் ஆகிவிடுவாரா?

உங்களில் சிலர் மருந்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறீர்கள். உங்கள் கழிவுநீரில் மருந்தின் அளவை அளக்கிறார்களா? கேட்டு எனக்கு எழுதுங்கள்.