உங்க வார்டு நம்பர் என்ன?

பாங்க்கில் கணக்குத் தொடங்கும் பாரத்தில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று தற்போதைய முகவரி, இன்னொன்று நிரந்தர முகவரி. கொல்கத்தாவில் இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்கள் இரண்டாவது கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார்கள். கும்பகோணம், பாளையங்கோட்டை, மயிலாப்பூர்... முதல் கட்டத்தில்தான் பேனா தயங்கும். "சார், கரியாஹாட்டுக்கு பின்கோடு 700019-ஆ, 700029-ஆ?" இத்தனைக்கும் இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருக்கும்! வார்டு நம்பர் கேட்டால் சிரிப்புதான் பதில்.

என் கட்சி இதுதான். எந்த ஊரில் குப்பை கொட்டுகிறோமோ, அந்த ஊரில்தான் நம் ஓட்டு இருக்க வேண்டும். (இரண்டு அர்த்தத்திலும்தான் சொல்கிறேன்.)

முதலில் நம்ம ஏரியாவைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் ரோடும் வெட்டிக்கொள்ளும் இடம் கரியாஹாட் மோர். (மோர் என்றால் குடிக்கிற மோர் இல்லீங்க, பெங்காலியில் சாலைச் சந்திப்பு.) கொல்கத்தா மாநகராட்சியில் மொத்தம் 144 வார்டு, 16 பரோ. நாம் இருப்பது எட்டாவது பரோ. மோரைச் சுற்றியே 68, 86 என்று வெவ்வேறு வார்டுகள் இருக்கின்றன. நம்பரைத் திருப்பிப் போட்ட மாதிரிதானே இருக்கிறது என்று லேசாக நினைக்க வேண்டாம். 68 பாலிகஞ்ச் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது, 86 ராஷ்பிஹாரி தொகுதியில் வருகிறது. காய்கறி வாங்க ரோட்டைத் தாண்டினால் கவுன்சிலர் மட்டுமில்லை, எம்.எல்.ஏ.வும் மாறிவிடுவார்!

அடுத்தது தண்ணீர். நம்ம தெருவில் பெய்யும் மழை பக்கத்தில் இருக்கும் ஹூக்ளிக்குத்தான் போகும் என்று பல பேர் நினைக்கிறார்கள். நிலத்தின் சரிவு நேர்மாறு. ஆற்றங்கரைதான் மேடு. அங்கிருந்து கிழக்கே போகப் போகப் பள்ளம். சாக்கடைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் பம்ப் வைத்து இறைக்கப்பட்டுக் கால்வாய் வழியாகக் கிழக்கே சதுப்பு நிலங்களுக்குப் போகின்றன, அங்கிருந்து குல்டி ஆறு, அப்புறம் கடல். 12,500 ஹெக்டேர் இருக்கும் அந்தக் கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்துக்கு 2002-ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. பம்ப் ஓடாவிட்டால், கால்வாய் தூர்ந்தால், சதுப்பு நிலத்தில் கட்டடம் முளைத்தால், தண்ணீர் நம்ம வாசலில் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

2025 செப்டம்பர் 23 விடியற்காலையில் நின்றது. பூஜைக்குச் சில நாள் முன்பு. சில மணி நேரத்தில் பாலிகஞ்சில் மட்டும் 264 மில்லிமீட்டர் கொட்டியது. நகரத்தில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் மழையால் சாகவில்லை, தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து செத்தார்கள். அதற்கப்புறம் யார் பொறுப்பு என்று ஆரம்பித்தது சண்டை. ஏனென்றால் இந்த ஊரில் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருக்கிறது. தெருச் சாக்கடை மாநகராட்சி. பெரிய கால்வாய்கள் மாநில நீர்ப்பாசனத் துறை. மின்சாரம் தனியார் கம்பெனி. நாம் காலையில் வாக்கிங் போகும் ரவீந்திர சரோவர் ஏரி மாநகராட்சியுடையதே இல்லை, பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் கையில் இருக்கிறது. எதற்கு யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் "சிஸ்டம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுகிறோம். தெரிந்துகொண்டு கேட்கிறவர்களுக்குத்தான் இங்கே காரியம் நடக்கிறது. ஓட்டு இருப்பவர் கேட்டால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கிறது. இது கசப்பான உண்மை, ஆனால் உண்மை.

நடைபாதைக் கடைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். கரியாஹாட் என்றாலே அதுதானே! 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்று ராத்திரியோடு ராத்திரியாக இடித்துத் தள்ளினார்கள். கொஞ்ச நாளில் கடைகள் திரும்ப வந்துவிட்டன. 2019 ஜனவரியில் மோர் பக்கத்துக் கட்டடத்தில் பெரிய தீ. கடைகளின் பிளாஸ்டிக் விரிப்புதான் தீயைப் பரப்பியது என்று பேச்சு எழுந்து, அதை அகற்றச் சொன்னார்கள். 2024 ஜூனில் மறுபடி கணக்கெடுப்பு. நம்ம ஆட்கள் இதில் இரண்டு கட்சி. "எல்லாரையும் தூக்கணும்" என்று ஒரு கோஷ்டி, "பாவம் பொழைச்சுப் போகட்டும்" என்று இன்னொரு கோஷ்டி.

சட்டம் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி சொல்கிறது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடம் உண்டு, பாங்க்குகளுக்கும் உண்டு. குழு ஒழுங்காக வேலை செய்து சான்றிதழ் கொடுத்தால்தான், புடவைக்கு ஃபால்ஸ் விற்கிற அம்மாவுக்கு எங்களைப் போன்றவர்கள் கடன் கொடுக்க முடியும். பேப்பர் இல்லாதவருக்கு வட்டிக்காரர்தான் கதி. நமக்கும் நடக்க இடம் வேண்டும், அவர்களுக்கும் விற்க இடம் வேண்டும். இதைப் பேசித் தீர்க்கும் மேஜையில் உட்கார, முதலில் நாம் இந்த ஊர்க்காரர்கள் என்று நாமே ஒத்துக்கொள்ள வேண்டும்.

"ஊர் ஓட்டை எப்படி விடறது? அதுதானே மிச்சம் இருக்கிற ஒரே கயிறு?" என்று கேட்பார்கள். நியாயமான வருத்தம்தான், கேலி செய்ய மாட்டேன். 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் மேற்கு வங்காளத்திலும் ஒரே நேரத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியும். இங்கே ஒரு பாரம், ஊரில் பெரியவர் கையில் ஒரு பாரம். ஆனால் 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒருவருக்கு ஒரு இடத்தில்தான் பெயர். அதுவும் சாதாரணமாக வசிக்கும் இடத்தில். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. தற்காலிகமாக வெளியூர் போனால் உரிமை போகாது என்றும் சட்டம் சொல்கிறது. சரி, பதினெட்டு வருஷம் தற்காலிகமா? :)

இன்னொன்றும் பாருங்கள். சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை கவுன்சிலரே கிடையாது. அந்த வருஷங்களில் உள்ளூர்க் காரியத்துக்கு மயிலாப்பூர் ஓட்டும் உதவவில்லை, இங்கேயும் ஓட்டு இல்லை. ரெண்டும் கெட்டான்!

'பரோ' என்ற வார்த்தையே இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். லண்டனில் 32 பரோ இருக்கின்றன. அங்கே குடியேறிய நம்மவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே, காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். குப்பை வண்டி வராவிட்டால் எந்தக் கவுன்சிலருக்கு எழுதுவது என்று அங்கே இருக்கும் பல தமிழர்களுக்கு அத்துப்படி. கடல் கடந்து போய் வேற்று நாட்டில் செய்வதை, ஒரு ராத்திரி ரயில் பயணம் தள்ளி, நம் சொந்த நாட்டில் செய்ய என்ன தயக்கம்?

இதே மாநகராட்சிக்கு 1924-ல் சித்தரஞ்சன் தாஸ் மேயராக இருந்தார், சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்தார். சாக்கடையும் குடிதண்ணீரும் அவர்களுக்கு மட்டமான வேலையாகப் படவில்லை.

ஊர்ப் பாசம் ஓட்டுச் சீட்டில் இல்லை. அது குலசாமி கோயிலில் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுப்பதில் இருக்கிறது. அதை யாரும் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. ஆனால் நம்ம பிள்ளை தினமும் ஸ்கூலுக்கு நடக்கும் நடைபாதை 68-லோ 86-லோதான் இருக்கிறது.

பி.கு: முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. ஆன்லைனிலேயே போடலாம். வார்டு நம்பர் சொத்து வரி பில்லில் இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், சொல்வார்.