சஸ்பென்ஸ் அக்கவுண்டில் என் மகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்க, வாசலில் மணி அடித்தது. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், கையில் கணக்கெடுப்புப் படிவம். விந்திய மலைக்கு வடக்கே ஓர் ஊர் என்பதோடு விட்டுவிடுகிறேன். பெயர் போட்டால் அந்த அம்மாவுக்கு வம்பு. அவர் மேல் தப்பு எதுவும் இல்லை.

6 முதல் 14 வயதுக்குள் குழந்தைகள் உண்டா என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். பையன் எட்டாவது. பெண்ணுக்கு ஒன்பது வயசு, வீட்டிலேயே படிக்கிறாள்.

பேனா நின்றுவிட்டது. "ஸ்கூல் நஹீ ஜாதீ?"

போகவில்லை என்றதும் படிவத்தில் காரணம் தேடினார். வறுமை, வீட்டு வேலை, இடம்பெயர்வு, உடல்நலக் குறைபாடு, பெற்றோருக்கு ஆர்வமின்மை. அவ்வளவுதான் இருந்தது. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தார். தங்கமணி எம்.எஸ்ஸி. கணிதம். சமையலறையிலிருந்து அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது :-)

எப்படி இப்படி ஆனது? மாற்றல்தான். நம்மில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். ஆர்டர் நவம்பரில் வந்தது. புது ஊரில் ஒரு பள்ளி, ஹிந்தி வராது என்று பெண்ணை ஒரு வகுப்பு கீழே போட்டது. தமிழில் கதை கதையாய்ப் பேசிய குழந்தை, நாலு மாதத்தில் வீட்டிலும் பேசுவதை நிறுத்தினாள். எடுத்துவிட்டோம். இப்போது தமிழும் படிக்கிறாள், ஹிந்தியும் படிக்கிறாள், பின்னத்தில் அண்ணனைத் திருத்துகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாவது பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துபவருக்குத்தான் ஒரு லட்சம் வரை அபராதம். அப்படியானால் வீட்டில் சொல்லித் தரும் நான் யார்? குற்றவாளி இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. சட்டத்தில் எனக்குப் பெயரே இல்லை.

சட்டத்துக்கு வீடு தெரியாது என்றும் சொல்ல முடியாது. கடுமையான குறைபாடுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று 2012 திருத்தம் வழி செய்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதைத் தொடர்கிறது. நல்ல காரியம். ஆனால் ஆரோக்கியமான குழந்தை வீட்டில் படிப்பதைக் கற்பனை செய்ய நம் அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை.

2012-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்தவர்கள் தொடரலாம், சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய அமைச்சகமே மனு போட்டது. பிறகு அந்தப் பேச்சிலிருந்து பின்வாங்கியது. கிளையில் நான் இப்படி ஒரு நாள் ஒன்று, மறுநாள் வேறொன்று எழுதிக் கொடுத்தால் மெமோ வரும்.

வேடிக்கை இனிமேல்தான். அதே அமைச்சகத்தின் கீழ்தான் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. வீட்டில் படித்த பிள்ளை 14 வயதானதும் அங்கே பத்தாவது தேர்வு எழுதலாம், சான்றிதழும் செல்லும். ஆக, ஒரு மேஜையில் 'இடைநின்ற குழந்தை', பக்கத்து மேஜையில் 'வருக வருக'. ஒரே வங்கியில் இரண்டு லெட்ஜர், இரண்டிலும் வேறு வேறு பாக்கி.

தலைப்பு தெரியாத தொகையை நாங்கள் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். அன்று மாலை கணக்கு டேலி ஆகும். ஆனால் சீக்கிரம் அதைத் தீர்க்கவில்லை என்றால் ஆடிட்டர் விடமாட்டார். கல்வித் துறையின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டைத் திறந்து பார்க்க ஆடிட்டரே இல்லை.

"சும்மா இருங்க சார், இதைச் சொல்லித்தானே பெண் குழந்தைகளை வீட்டில் உட்கார வைப்பான்? பீடி சுற்ற அனுப்புவான்?" என்று என் கிளையில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டாயக் கல்வி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அந்தப் பயத்தால்தான் தனிக் கட்டம் வேண்டும் என்கிறேன். 6 முதல் 17 வயதுக்குள் பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் 3.22 கோடி என்று, 2017-18 மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து 2020 கொள்கை சொல்கிறது. செங்கல் சூளையில் நிற்கும் பிள்ளையையும் என் பெண்ணையும் ஒரே பட்டியலில் போட்டால் யாருக்கு நஷ்டம்? எனக்கு மானம் போகும், அவ்வளவுதான். அந்த ஆசிரியை என் வீட்டுக்கு மறுபடி இரண்டு முறை வந்தார். அந்த இரண்டு நடையும் சூளைப் பக்கம் போயிருக்க வேண்டியவை.

நம் தரப்பிலும் குற்றம் உண்டு. "எங்கள் குழந்தை, எங்கள் உரிமை, அரசு தலையிடாதே" என்று பேசும் வீட்டுக்கல்விக்காரர்களை எனக்குப் பிடிக்காது. கேஒய்சி கொடுக்கமாட்டேன், கணக்கு மட்டும் திற என்பது போல இருக்கிறது அது. பிள்ளை நம்முடைய சொத்து இல்லை. வருஷம் ஒரு முறை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள், வருகிறோம். சோதித்துப் பாருங்கள், என் பெண் எழுதுவாள். தேறவில்லை என்றால் நானே பள்ளியில் கொண்டுபோய் விடுகிறேன். சலுகை, மானியம், ஸ்காலர்ஷிப் எதுவும் கேட்கவில்லை. படிவத்தில் ஒரு கட்டம், அதன் எதிரே 'வீட்டில் படிக்கிறது' என்ற சொல். அச்சடிக்க எவ்வளவு மை ஆகும்?

மூன்றாவது முறை வந்தபோது அந்த ஆசிரியை காபி குடித்தார். பெண் ஹிந்தியில் ஒரு கதை வாசித்துக் காட்டினாள். முழுவதும் கேட்டுவிட்டு, "நன்றாகப் படிக்கிறாள். ஆனால் எங்கே எழுதுவது, சொல்லுங்கள்?" என்றார்.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் அல்ல.

டிஸ்கி: ஊர் ஊராய் மாறும் நம் ஆட்கள் யாராவது பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைத்திருந்தால், கணக்கெடுப்பில் உங்களுக்கு எந்தக் கட்டத்தில் டிக் விழுந்தது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.