மருந்துச் சீட்டு இல்லாமல் வேண்டாம் இந்த ஊசி!

உடல் எடையைக் குறைக்கும் ஊசிகளைப் பற்றித்தான் இன்று எங்கும் பேச்சு. இவற்றில் தினமும் போட்டுக்கொள்ளும் ‘லிராகுளூடைட்’ முன்னோடி. சர்க்கரை நோய் மருந்தாக அறிமுகமான இதற்கு, உடல் பருமன் சிகிச்சைக்கான அனுமதியை 2014 டிசம்பரில் அமெரிக்கா வழங்கியது. வாரம் ஒருமுறை போடும் மவுஞ்சாரோ, வீகோவி ஊசிகள் 2025-ல் இந்தியாவுக்கும் வந்துவிட்டன.

உடல் பருமனை ‘வாயைக் கட்டத் தெரியாதவர்களின் பிரச்னை’ என்று ஏளனம் செய்தே பழகிவிட்டோம். பசியும் எடையும் ஹார்மோன்களின் பிடியிலும் இருக்கின்றன. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 ஹார்மோனைப்போலச் செயல்பட்டு, பசியை அடக்குகிறது லிராகுளூடைட். 2015-ல் வெளியான ஆய்வில், 56 வாரங்கள் இதைப் போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக 8.4 கிலோ குறைந்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்களோ 2.8 கிலோதான் குறைந்தார்கள். இரு தரப்புக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் சேர்த்தே வழங்கப்பட்டது. மூட்டுவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் என அவதிப்படுவோருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால், கல்யாணத்துக்கு முன் ஒரு சுற்று இளைக்க நினைப்பவர்களுக்கான மருந்தல்ல இது. பி.எம்.ஐ. எனும் உடல் நிறை குறியீட்டெண் 30-ஐத் தொட்டவர்கள், அல்லது 27-ஐத் தொட்டு எடை சார்ந்த நோயும் உள்ளவர்கள் - அமெரிக்க அனுமதி பெரியவர்களுக்கு வகுத்த வரம்பு இதுதான். 0.6 மில்லிகிராமில் தொடங்கி, வாரம்தோறும் கூட்டி, 3 மில்லிகிராமை எட்ட வேண்டும். குமட்டல், வாந்தி சகஜம். பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆபத்தும் உண்டு. கர்ப்பிணிகளும், குடும்பத்தில் ‘மெடுல்லரி’ வகை தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் தொடவே கூடாது. ஊசியை நிறுத்தினால், இழந்த எடை பெரும்பாலும் திரும்பிவிடும். இத்தனையையும் சீர்தூக்கிப் பார்த்து முடிவெடுக்க மருத்துவரால்தான் முடியும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் மதிப்பிட்டது, சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய ஆய்வு. சர்க்கரை நோய் மருந்தாகவும் இருக்கும் இந்த ஊசிக்கான இத்தனை பெரிய சந்தையில் கண்காணிப்பு தளர்ந்தால் விபரீதம்தான். சீட்டில்லாமல் இந்த ஊசியை விற்கும் கடைகள் மீதும் இணையதளங்கள் மீதும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தயவின்றி நடவடிக்கை எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உடல் பருமனுக்கெனத் தனிப் பிரிவுகள் பெருக வேண்டும். தேவைப்படும் ஏழைக்கும் ஊசி கிடைக்கட்டும். தேவையில்லாத பணக்காரருக்கும் மருத்துவர் ‘வேண்டாம்’ என்று சொல்லட்டும்!