தடுப்பூசிக் காய்ச்சலும் தோட்டத்துத் தாய்மாரும்

ஊசி போட்டால் காய்ச்சல் வரத்தான் செய்யும். மலையகத்துத் தாய்மார்க்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2, 4, 6ஆம் மாதங்களில் போடப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல், தொடையில் வீக்கம், சிணுங்கல் ஆகியன இயல்பானவை. தாய்ப்பாலும், பிள்ளையின் எடைக்கேற்ற பெரசிட்டமோலும் பெரும்பாலும் போதும்.

இயல்பல்லாதவை வேறு. மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஓயாத அழுகை, வலிப்பு, உடல் துவண்டு வெளிறுதல், மூச்சுத் திணறல், உதடும் முகமும் வீங்குதல், பால் குடியாது மயங்கிக் கிடத்தல். இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. கடும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வெளிப்படும். ஊசி போட்டதும் சற்று நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது அதற்காகத்தான்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கடந்தும் தணியாத காய்ச்சலையும் 'ஊசிக் காய்ச்சல்' என்றே விட்டுவிடுகிறோம். அது நியுமோனியாவாக இருக்கலாம். 9ஆம் மாதத்து எம்.எம்.ஆர். ஊசிக்கு மட்டும் ஒரு வாரம் கழித்தும் காய்ச்சல் வரலாம். அப்போதும் பிள்ளை சோர்ந்து கிடந்தால் வைத்தியரே பார்க்கட்டும்.

இத்தனையும் அறிந்த தாய் அப்போது எங்கே இருக்கிறாள்? காலையில் ஊசி, மறுநாள் கொழுந்து மலை. பிள்ளை பிள்ளைக் காம்பராவில். அது துவளும்போது பார்ப்பவர் ஆயாதான். பாதியில் மலையிறங்கினால் அன்றைய பேர் விழாது என்ற அச்சத்தில் நிற்கும் தாயிடம் 'உடனே வைத்தியசாலைக்குச் செல்க' என்பது வெறும் உபதேசம். ஊசி போட்ட மறுநாளைத் தாய்க்குச் சம்பளத்துடன் விட்டுக்கொடுப்பதால் எந்தக் கம்பெனியும் நொடித்துவிடாது. தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் கேட்டிருக்க வேண்டிய கோரிக்கை இது.

பிள்ளைக்கு நேர்ந்ததைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்வதும் சிறு விடயமன்று. 2008 ஜனவரியில் இலங்கையில் ஐங்கூட்டுத் தடுப்பூசி அறிமுகமானது. சில குழந்தைகளின் மரணமும், உடல் துவண்ட சம்பவங்களும் பதிவானதால் அவ்வாண்டு ஏப்ரலிலேயே அது நிறுத்தப்பட்டது. உலக சுகாதார அமைப்பின் வல்லுநர்களும் ஆராய்ந்தனர். 2010இல் மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. தாய்மார் சொன்னதும் தாதியர் எழுதியதுமே அந்த ஆய்வுக்கு அடிப்படை. லயத்துக்குள்ளேயே அடங்கிப்போகும் செய்தி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அச்சம் மட்டும் வாய்வழியே பரவி, அடுத்த ஊசிக்குப் பிள்ளை வராமற்போகும்.

1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிசனையும், பிரதான வீதியில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மேல் டிவிசன் பாதையில் வண்டி ஏறாதெனில், சந்திவரை பிள்ளையைக் கொண்டுவரத் தோட்டத்து லொறியை இரவிலும் தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு.