பளபளப்புக்கு யார் விலை கொடுப்பது?

போன மாதம் திருத்தங்கலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் எப்போதும் நிற்கும் அத்தானின் பழைய பச்சை சைக்கிளைக் காணோம்.

''பெயின்ட்டை உரிக்கக் குடுத்திருக்கேன் மாமா. வெறும் இரும்பு பளபளன்னு தெரியும். இப்ப அதான் ஸ்டைல்!'' என்றான் இன்ஜினீயரிங் படிக்கும் மருமகன்.

இரும்பின் மேல் இருக்கும் பெயின்ட் வெறும் மேக்கப் இல்லை ஐயா, அது தோல். உரித்துவிட்டால் ஒரு மழைக்காலம் போதும், துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே கிளியர் லேக்கர் அடித்தாலும், ஒரு சின்னக் கீறல் விழுந்தால் துரு அதற்கு அடியில் புழு மாதிரி ஊர்ந்து போகும். ''டெல்லி இரும்புத்தூண் 1600 வருஷமா துருப்பிடிக்கலையே?'' என்றான். அதுவும் அம்மணமாக நிற்கவில்லை. இரும்பில் உள்ள பாஸ்பரஸ் உதவியால் அதன் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகியிருக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்ரமணியம் ஆராய்ந்து சொன்னார்.

சரி, அவன் சைக்கிள், அவன் துரு. எனக்கென்ன என்று விட்டிருப்பேன். பட்டறைக்குப் போகாமல் இருந்திருந்தால்!

ஜன்னல் இல்லாத அறை. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, இருபது வயசுப் பையன் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். முகத்தில் கைக்குட்டைகூட இல்லை. புருவம், மீசை, சட்டை எல்லாம் பச்சைத் தூள். ''வீட்டுல குழந்தை இருக்காப்பா?'' என்றேன். ''ரெண்டு வயசுப் பொண்ணு சார். போனதும் மேல ஏறிக்குவா'' என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய மஞ்சள், ஆரஞ்சு, பச்சைப் பெயின்ட்டுகளில் நிறத்துக்காகவே ஈயம் கலந்த பொடி சேர்ப்பது சர்வ சாதாரணம். ஈயம் குழந்தையின் மூளையைத்தான் முதலில் தேடிப் போகும். ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற நம் நாட்டு விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதுவும் வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டுக்கு மட்டும்!

கெமிக்கல் ஊற்றி உரிக்கலாமே என்பீர்கள். எதை ஊற்றுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? மெத்திலீன் குளோரைடு சேர்த்த பெயின்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்கவே அமெரிக்கா 2019ல் தடை போட்டது. மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசித்தே செத்துப் போனவர்கள் உண்டு.

இது எந்த ஊரில் நடக்கிறது? தூள் என்றால் என்னவென்று உலகத்துக்கே பாடம் எடுக்கக்கூடிய ஊரில்! பட்டாசு ஆலையில் வேலை பார்த்த அக்கா, மருந்துத் தூள் படிந்த கையோடு பிள்ளையைத் தூக்கியதில்லை. குளித்து, சேலை மாற்றி, அப்புறம்தான் தொடுவாள். அவள் பெற்ற பிள்ளைதான் இன்னொருத்தன் வீட்டுக்கு விஷத் தூளை அனுப்பிவைக்கிறான், ஸ்டைலுக்காக.

''நான் சும்மாவா கேட்டேன்? கூலி குடுக்குறேன்ல?'' என்றான்.

கூலி சுரண்டுகிற வேலைக்குத்தான். அந்தக் குழந்தையின் மூளைக்கும் சேர்த்தா கொடுக்கிறாய்?

உரித்தே தீருவேன் என்பவர்கள் நீங்களே உரியுங்கள். மொட்டைமாடியில், நல்ல மாஸ்க் போட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். வழித்த சகதியைச் சாக்கடையில் கொட்டாமல் கட்டி வையுங்கள். குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். இரண்டு நாள் தேய்த்துக் கை வலித்த பிறகும் ஆசை மிச்சம் இருந்தால், அது நிஜமான ஆசை.

இல்லையா? அந்தப் பச்சை அப்படியே இருக்கட்டும்.